வாசிக்க ஓர் ஆள்

ராஜவேலுக்குக் குதிகால் நெருப்பாய் எரிந்தது. காலையிலிருந்து பின்சுவரோரம் நின்றே தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். எந்தக் கிறிஸ்தவ சபை வளர்கிறது, எது தேய்கிறது என்று ஊர் ஊராய்க் கணக்கெடுக்கும் ஆய்வில் அவனுக்கு ஒப்பந்த வேலை. பார்க்கலாம், எண்ணலாம், கேட்கலாம். ஆராதனையில் கலந்துகொள்ளக் கூடாது.

கடைசியாக வந்தது டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், மளிகைக் கிடங்குக்கு மேலே இருந்த வாடகை ஹால். ஹிந்தி ஆராதனை அப்போதுதான் முடிந்தது. மாடிப்படிவரை நின்ற கூட்டம் இறங்கி ஓய்ந்ததும், தமிழ் ஆராதனைக்கு மிஞ்சியவர்கள் நாலு பேர்.

முன்வரிசையில் அருக்காணி. கிட்வாய் நகரில் வீட்டுவேலை செய்பவள். ஹிந்திக் கூட்டத்தில் பாடிவிட்டு வந்த அவள் மகள் பிரபா, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"மம்மி, நீயும் எங்ககூட வந்துடு. யேசுவுக்கு ஹிந்தி தெரியும்."

"அவருக்குத் தெரியும்டி. எனக்கு? ஜல்தி ஜல்தின்னு வேலை வாங்கற ஹிந்தி தெரியும். சாமி பேசற ஹிந்தி தெரியாது."

"இங்க யாரு வாசிக்கறதாம்?"

வேதம் வாசித்துவந்த பாலு, அரசாங்கம் அவர் குடிசையை இடித்ததும் டெல்லியின் வடகோடியில் இருக்கும் நரேலாவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து பஸ் மாறி மாறி வர அவருக்குத் தெம்பில்லை. இந்த நாலு பேருக்கும் எழுத்து தெரியாது. டெல்லியில் பிறந்த பாஸ்டருக்கும் பிரபாவுக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. இனி வாசிக்க ஆளில்லாத வாரத்தோடு இந்த நேரத்தையும் ஹிந்திக்கே கொடுத்துவிடுவதாகப் பாஸ்டர் சொல்லியிருந்தார்.

"மொபைல்ல போட்டா அதுவே படிக்குமே" என்றாள் பிரபா.

"படிக்கும். நான் அழுதா நிறுத்துமா?"

பிரபா போய்விட்டாள். அருக்காணி பின்னால் திரும்பினாள்.

"தம்பி, தமிழ் படிப்பியா?"

"படிப்பேன்க்கா. ஆனா நான் கணக்கெடுக்க வந்தவன்."

"நாலு பேரை எண்ண எம்மா நேரம் ஆவும்? எண்ணியாச்சில்ல, வா."

அருக்காணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி வேலம்மாள் பொக்கைவாயால் சிரித்தாள்.

அறைக்குத் திரும்பினால் ராஜவேலுக்குப் பேச ஆள் கிடையாது. தமிழை வாய்விட்டுச் சொல்லியே நாளாகியிருந்தது. முன்னால் போய் அருக்காணி நீட்டிய வேதப் புத்தகத்தை வாங்கினான். முதல் வரியில் குரல் கரகரத்தது. பிறகு சீரானது. நடுவில் அருக்காணி கையை உயர்த்தினாள். நிறுத்தினான். முந்தானையில் முகத்தைப் புதைத்து அவள் அழுது முடிக்கும்வரை நின்றான். அவள் தலையாட்டியதும் விட்ட இடத்திலிருந்து வாசித்தான்.

ஆசீர்வாதம் சொல்ல வந்த பாஸ்டர் வாசலிலேயே நின்றார்.

"அச்சா, ஆள் கிடைச்சாச்சா! பிரதர், அடுத்த சண்டேயும் வந்துடுவீங்கல்ல?"

அடுத்த கணக்கெடுப்புக்காக மறுநாள் லூதியானாவுக்கு ரயில். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தான். அருக்காணி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரேன்" என்றான். அருக்காணி கேட்டதும் போன் நம்பரையும் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு லூதியானாவில், பஞ்சாபி சபை ஒன்றின் பின்சுவரோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அருக்காணி. அவன் எடுக்கவில்லை. மாலையில் கூப்பிட்டபோது பிரபா பேசினாள்.

"அண்ணா, நீங்க வருவீங்கன்னு மம்மி யாரையும் எழுந்திருக்க விடல. கடைசியில பாஸ்டர் ஃபேனை ஆஃப் பண்ணிட்டாரு. இனிமே அந்த டைமும் ஹிந்திதான்."

"அக்காகிட்ட குடுங்களேன்."

"பேச மாட்டேங்கறாங்க."

போன் அணைந்தது. அருக்காணிக்கு அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு பாக்கி வைத்திருந்தான்.