தடித்த கம்பி

விக்ரோறியா நாள் விடுமுறை, இரவில் வெடி கொளுத்திக் கொண்டாடும் நாள். டோர்செட் பார்க் அடுக்குமாடிக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தில், யாரோ பட்டப்பகலிலேயே வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் படுக்கையறையில் மனைவி யோகமலர் திடுக்கிட்டு எழும்புவது ஜெயரட்ணத்துக்குக் கேட்டது.

போர் முடிந்துவிட்டதாகக் காலையில் தொலைக்காட்சியில் சொன்னார்கள். அவளுடைய தம்பி சுலக்சன் மனைவியோடு முள்ளிவாய்க்காலில் இருந்தான். ஏப்ரலில் ஒருமுறை பேசியபோது, "பங்கருக்குள்ளதான் அக்கா" என்றான். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. அவள் தொலைபேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தபடி கிடந்தாள்.

ஜெயரட்ணம் சமையலறை மேசையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். குளிர்காலத்தில் யோகமலரை மூச்சிழுப்பு வருத்தி அம்புலன்ஸில் ஏற்றிய அன்றே அவன் சிகரெட்டை விட்டிருந்தான். அவனோடு வேலை செய்யும் அன்புராசா, ரோச் லைட் குழாய்க்குள் பற்றறி வைத்துத் தானே செய்த மின்சிகரெட் ஒன்றைக் கொடுத்தான். அதன் உள்ளே திரியைச் சுற்றியிருக்கும் கம்பிதான் சூடாகி, திரியில் ஊறிய நிக்கொட்டின் திரவத்தை ஆவியாக்கும். கம்பி கருகினால் புதிதாகச் சுற்ற வேண்டும்.

"நைக்ரோம் கம்பி, அதுவும் மெல்லிசாப் பாத்து வாங்கு. செப்புக் கம்பி சுத்திப்போடாதை, கம்பி சூடாகாது, பற்றறிதான் கொதிக்கும். மீற்றரில ஒண்டரை ஓமுக்குக் கீழ காட்டினா கறண்ட் கூடிப் பற்றறி வெடிக்கும், தொடவே தொடாதை" என்று அன்புராசா சொல்லியிருந்தான்.

ஜெயரட்ணத்துக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. தையல் ஊசியில் சுற்று சுற்றோடு முட்டாமல் சுற்றிக்கொண்டிருக்கும்போது வேறு எதையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மெல்லிய கம்பி முடிந்துபோயிருந்தது. கடைக்குப் போனால் அவளைத் தனியே விடவேண்டும். காலையிலிருந்து அவன் ஒருதரம்கூட இழுத்திருக்கவில்லை. பழைய தலைமயிர் உலர்த்தியை உடைத்து அதன் கம்பியை உருவி எடுத்தான். அதுவும் நைக்ரோம்தான், ஆனால் தடிப்பு. சுற்றி மீற்றரை வைத்தான். அரை ஓம்கூட இல்லை.

அவனுக்கு விளங்கியது. விளங்கியும், ஒரேயொரு இழுப்பு என்று நினைத்தான்.

பொத்தானை அழுத்தியதும் கம்பி வெள்ளையாய் எரிந்தது. தொண்டை பொரிந்தது. விரலை எடுத்தான், பொத்தான் மேலே வரவில்லை. குழாய் கையைச் சுட்டது. மூடியைத் திருகப் பார்த்தான், இறுகிக் கிடந்தது. உள்ளே சீறத் தொடங்கியது. அவன் அதைத் பாத்திரம் கழுவும் தொட்டியை நோக்கி எறிந்தான். பாதி வழியிலேயே வெடித்தது. பற்றறி கூடத்துச் சோபாவுக்குள் போய் விழுந்தது.

"என்னப்பா அது? என்ன சத்தம்?" யோகமலர் அறை வாசலில் நின்றாள்.

சோபாவிலிருந்து கறுப்புப் புகை எழும்பியது. அவன் வாளியால் தண்ணீர் ஊற்றினான். நெருப்பு அடங்கியது, புகை அடங்கவில்லை. கட்டடமெங்கும் அபாயமணி அலறியது. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினாள்.

"வாரும் வெளிய!"

"போன்... தம்பி எடுத்தா?"

"வாரும் எண்டுறன்!"

அவன் அவளை இழுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தான். பக்கத்து வீட்டு பேர்ணடெற் ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். அப்போதுதான் உள்ளே தொலைபேசி அடித்தது.

யோகமலர் கையை உதறித் திரும்பினாள். "நீர் போம். நான் எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு ஜெயரட்ணம் உள்ளே ஓடினான்.

கண் தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவிப் போனான். இதிலே விழுந்தால் எழும்பமாட்டேன் என்ற பயம் காலைப் பின்னியது. கட்டிலில் கை போட்டுத் தேடி எடுத்தான். "ஹலோ, சுலக்சன்!"

ஒரு பெண், ஆங்கிலத்தில், தரைவிரிப்பு கழுவ மலிவு விலையில் ஆட்கள் வருவார்கள் என்று உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினாள்.

கீழே புல்லில், வாயில் இழுப்பு மருந்துப் பம்புடன் இருந்த யோகமலர் அவனைக் கண்டதும் எழும்பினாள். "ஆர்? தம்பியோ?"

ஓம், அவன்தான் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. அவன் தலையாட்டினான், இல்லையென்று. "காப்பெற் கழுவுற ஆக்கள்."

அவள் அவனுடைய கொப்பளித்த உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவன் நெஞ்சில் ஓங்கிக் குத்தினாள், இரண்டுதரம். "நீங்களும் செத்திருந்தா நான் ஆரோட இருந்து தம்பியின்ர போனைப் பாத்துக்கொண்டிருக்கிறது?" என்று சொல்லி, காலையிலிருந்து வராத அழுகையை அழுதாள். தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. பேர்ணடெற் தன் சால்வையை அவள் தோளில் போட்டாள்.

யூன் மாதம் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. சுலக்சன் உயிரோடிருந்தான். அவனுடைய மனைவி இல்லை. யோகமலர் சாப்பிட்டாயா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஜெயரட்ணம் அவளுக்குப் பக்கத்தில், இணைப்பு அறுந்துவிடுமோ என்ற பயத்தில் மூச்சுக்கூட விடாமல் நின்றுகொண்டிருந்தான்.