பூஜைத் தட்டில் சிவப்புக் கயிறு

பவர்போட் பந்தயம் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: எவ்வளவு வேகம் போகும்? பழக்கிவிடும் ஷஃபியுல்லாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. "நேரா போறதுக்கு இன்னா, யாரும் போவாங்க. வளைக்கத் தெரியுதா, அதச் சொல்லு" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிடுவான். கடலில் மிதக்கவிட்ட ஆரஞ்சு நிற மிதவைகளை முட்டாமல், விலகாமல் சுற்றி வருவதுதான் பந்தயம். மஞ்சள் கொடி காட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சிவப்பு காட்டினால் நிறுத்த வேண்டும். வேகம் ஏறிவிட்டால் படகு தண்ணீரை விட்டு எழும்பி, பின்பக்கம் ஒரு முழம்தான் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து ஓர் அலை ஏடாகூடமாக வந்தால் படகு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

இவ்வளவும் சொல்லிவிட்டுத்தான் அந்தச் சிவப்புக் கயிற்றை எடுப்பான். டெலிபோன் ஒயர் போல சுருள் சுருளாக இருக்கும். ஒரு முனை ஓட்டுகிறவன் தொடையில், மறுமுனை இஞ்சின் சுவிட்சில். ஆள் தெறித்து விழுந்தால் கயிறு சுவிட்சைப் பிடுங்கிக்கொண்டு வரும், இஞ்சின் அணைந்துவிடும். "அணையலன்னா?" என்று எவனாவது ஒரு புத்திசாலி கேட்பான். ஆளில்லாத படகு நேராகப் போகாது, விழுந்தவனையே சுற்றிச் சுற்றி வரும் என்பான் ஷஃபியுல்லா. பின்னால் நிற்கும் ஜெயக்குமார் சிரித்தபடி காற்றில் விரலால் வட்டம் போட்டுக் காட்டுவான்.

ஜெயக்குமார்தான் படகு ஓட்டுகிறவன். வேடந்தாங்கல் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பம். ஏரியைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காமல் வளர்ந்தவன், டிராக்டர் ஓட்டிய கையோடு மாமல்லபுரம் வந்து படகு பழகினான். புதுப்பட்டினத்தில் இஞ்சின் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஷஃபியுல்லா அவனுக்குப் படகு கட்டிக் கொடுத்தான். ஒருவனுக்கு இஞ்சின் பைத்தியம், ஒருவனுக்கு வேகப் பைத்தியம். மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஊரே கண்வைக்கும்படி திரிந்தார்கள்.

ஜெயக்குமாரின் மனைவி பிரபாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. ஆனாலும் தடுக்கவில்லை. அவன் கிளம்பும்போது மற்ற பெண்கள் சாப்பாடு எடுத்துக்கொண்டாயா என்று கேட்பார்கள், இவள் "கவுறு எடுத்துகினியா?" என்பாள். அவன் பையைத் திறந்து காட்டினால்தான் கதவை விட்டு நகர்வாள். அவளைப் பொறுத்தவரை படகு, இஞ்சின், ஹெல்மெட் எல்லாம் வெறும் சாமான்கள். அந்தக் கயிறுதான் அவள் புருஷன்.

ஆயுத பூஜை அன்று காலையிலேயே படகுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கரையோரம் ஒரு சுற்று ஓட்டியாயிற்று. சாயந்திரம் வீட்டுப் பூஜை. ஸ்பேனர், சுத்தியல், வீட்டிலிருக்கும் அரிவாள்மனை எல்லாவற்றையும் கழுவி வைத்த பிரபா, சிவப்புக் கயிற்றை மட்டும் தனியாக ஒரு பித்தளைத் தட்டில் சுருட்டி வைத்து, பொட்டிட்டு, சாமந்திப்பூவால் மூடினாள். பூஜைக்கு வைத்ததை மறுநாள் விஜயதசமி அன்று காலையில் எடுப்பதுதான் வழக்கம். கற்பூரம் காட்டிவிட்டு, சுண்டலும் பொரியும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் போனாள்.

அந்த நேரத்தில்தான் ஷஃபியுல்லா வந்தான். சென்னையிலிருந்து வருவேன் வருவேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த புது புரொப்பல்லர் வந்துசேர்ந்திருந்தது, அதைப் படகில் மாட்டியும் விட்டிருந்தான். பந்தயம் அந்த ஞாயிற்றுக்கிழமை. வெளிச்சம் கொஞ்சம் பாக்கி இருந்தது, கடலும் அடங்கிக் கிடந்தது.

"ஒரே ரவுண்டு பாத்துர்லாம் மச்சான்" என்றான்.

ஜெயக்குமார் துள்ளி எழுந்து பூஜைத் தட்டுக்குக் கையை நீட்டினான். ஷஃபியுல்லா அந்தக் கையைப் பிடித்தான்.

"பூஜைக்கு வெச்சதுல கை வெக்காத. தங்கச்சி மனசு கஷ்டப்படும்."

"கவுறு இல்லாம எப்டிடா?"

"நரம்பு சுத்திக்கலாம் வா. தர்மராஜ் அண்ணாத்தலாம் தெனம் அப்டித்தான ஓட்டிகினு கீறாரு."

உண்மைதான். வலை இழுக்கும்போது அங்கும் இங்கும் நடக்க வேண்டியிருப்பதால், தர்மராஜ் போல மீன்பிடிக்கிற ஆட்கள் அந்தச் சுவிட்சில் நைலான் நரம்பைச் சுற்றி இறுக்கிவிடுவார்கள். கயிறு இல்லாமலே இஞ்சின் ஓடும். நிதானமாகப் போகிற படகுக்கு அது பெரிய விஷயமில்லை. ஷஃபியுல்லாவுக்குத் தெரியாததா இது? பாடம் நடத்துகிறவனே அவன்தான். தன் வீட்டுப் பொருளாக இருந்திருந்தால் யோசிக்காமல் எடுத்திருப்பான். அடுத்தவர் வீட்டுச் சாமி என்பதால் அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் கொடுமை.

நரம்பைத் தன் கையாலேயே சுற்றினான்.

புது புரொப்பல்லர் நன்றாகத்தான் இழுத்தது. இரண்டாவது மிதவையில் வளைக்கும்போது படகு ஒருக்களித்துத் துள்ளியது. ஜெயக்குமார் தெறித்து விழுந்தான். ஹெல்மெட் தண்ணீருக்கு மேலே வந்தது, கையும் தூக்கி ஆட்டினான். கரையில் நின்ற ஷஃபியுல்லாவுக்கு உயிர் வந்தது. பிறகுதான் இஞ்சின் சத்தம் நிற்கவில்லை என்பது உறைத்தது. படகு வளைந்தது. வகுப்பில் விரலால் போட்டுக் காட்டிய அதே வட்டத்தில் ஜெயக்குமாரைத் தேடி வந்தது. தர்மராஜ் தன் படகை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில், வேப்பமரத்தடியில், பிரபா அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கயிறு மாட்டவில்லையாம் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

"தலபாடா அடிச்சிகினேனே. அதக்கூட மாட்டாம போயிருக்கான் பாரு" என்று செத்தவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஷஃபியுல்லா பக்கத்தில்தான் நின்றிருந்தான். நண்பன்மேல் விழுந்துகொண்டிருந்த ஏச்சு ஒவ்வொன்றும் தனக்கு உரியது என்று அவனுக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது பூஜை போட்டது போட்டபடி கிடந்தது. சாவு வீட்டில் அதை யாரும் தொடவில்லை. வாடிச் சுருங்கிய சாமந்திக்கு அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது. பிரபா அதையே வெகுநேரம் பார்த்தாள். தட்டில் வைத்ததே தான்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருந்தது.

"ஏன்ணா, இத எடுக்க வரலயா அவுரு?"

"கைய நீட்டனான்மா. நாந்தான் புடிச்சி நிறுத்தனேன். பூஜைக்கு வெச்சது, நீ கஷ்டப்படுவன்னு..."

அவன் அடியை எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தாங்கியிருப்பான்.

"பக்கத்து வூட்லதான இருந்தேன்" என்றாள் பிரபா. குரல் உயரவே இல்லை. "ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே. பூவ எடுத்துட்டு நானே மாட்டி அனுப்பியிருப்பேனே, அண்ணா."

ஷஃபியுல்லா சுவரோடு சரிந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான். பிரபா எழுந்துபோய்ப் பூவைத் தள்ளிவிட்டு, கயிற்றிலிருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள்.

"எடுத்துகினு போ. நாளிக்கி வர்ற புள்ளைங்களுக்கு மாட்டணும்ல."

அவள் நீட்டிக்கொண்டே நின்றாள். அவன் கை மேலே எழவில்லை. கடைசியில் அவளே குனிந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கயிற்றை உள்ளே வைத்து மூடினாள்.