நாலு மணிக்குள்

காலை ஐந்தரைக்கே மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. பாலீஷ்காரர் வாசல்படியில் உட்கார்ந்து காலை நீட்டினார். அவர் மனைவி ஒவ்வொரு காலிலும் இரண்டு பிளாஸ்டிக் பைகளை மாட்டி, சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கிக் கணுக்காலில் இறுக்கினாள். சட்டைக்குள், மார்பில், பழைய செய்தித்தாளை நாலாக மடித்துச் செருகியாகிவிட்டது. அதற்கு மேல் மழைக்கோட்டு.

"இனிமே காத்து உள்ள புகாது. படிச்சுக்கிட்டே மட்டும் போயிடாதீங்க," என்றாள்.

அவர் கல்லுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்த தொழிற்சாலை மூடி எட்டு மாதமாகிறது. இப்போது புது முதலாளி வாங்கியிருக்கிறார். பழைய ஆட்கள் தலைமை அலுவலகத்துக்கு நேரில் வந்து பெயர் பதிய வேண்டும். பதிந்தால் பழைய வேலை, பழைய சர்வீஸ். பதியாதவர் இடத்துக்கு வேறு ஆள். இப்படி ஒரு நோட்டீசை எழுதி, பூட்டிய தொழிற்சாலையின் கேட்டில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பூட்டிய கேட்டை யார் போய்ப் பார்ப்பது? முன்பு அங்கே லாரிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்த 'ஸ்பீக்கர்' தற்செயலாக அந்தப் பக்கம் போனவன், நேற்று சாயங்காலம் தெருவுக்கே கேட்கிற குரலில் போன் செய்தான்.

"அண்ணே, நாளைக்குத்தான் கடைசி நாளு! நாலு மணிக்குள்ள அங்க நிக்கணும்!"

அவன் காண்டிராக்ட் ஆள். அந்த நோட்டீஸால் அவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தும் மெனக்கெட்டுச் சொன்னானே என்று பாலீஷ்காரருக்கு மனம் நெகிழ்ந்துபோயிற்று. இருபத்திரண்டு வருட சர்வீஸ், ஒரு போனில் தப்பியது.

இருநூற்று அறுபது கிலோமீட்டர். ஆற்றுப் பாலத்தில் விரிசல் விட்டிருந்ததால் பஸ் ஓடவில்லை, இரண்டு சக்கர வண்டியை மட்டும் விட்டார்கள். வண்டி மச்சானுடையது. அதில் மூட்டை கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் காய்கறி விற்பவன் அவன். வண்டி இல்லையென்றால் அன்றைக்கு அவன் வீட்டில்தான்.

"செயின் லூசா இருக்கு மாமா, பள்ளத்துல பாத்து விடுங்க. வண்டிக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல. உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

"வாய் பரவாயில்லைங்குது. கை இன்னும் சாவிய விட மாட்டேங்குதே!" என்றார் பாலீஷ்காரர்.

மச்சான் சிரித்துக்கொண்டே சாவியை விட்டான்.

பாலத்தைக் கடக்கும்வரை குளிர் ஒரு விஷயமாகவே தெரியவில்லை. அதன் பிறகுதான் அது வேலையைக் காட்டியது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினால் மூச்சுப் பட்டு வெள்ளையாகிவிடுகிறது. ஏற்றினால் மழைத்துளி மணலை வாரி இறைத்த மாதிரி கண்ணில் அடிக்கிறது. பாதி இறக்கி, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் சாலையைப் பார்த்துக்கொண்டு போனார். கிளட்சைப் பிடித்த விரல்கள் அவருடையவை மாதிரியே இல்லை. நேராகப் போகிற இடத்தில் இடது கையை எடுத்து, எஞ்சின் பக்கம் இறக்கிச் சூடு காட்டிக்கொள்வார். கொஞ்சம் உயிர் வரும். அதற்குள் ஒரு பள்ளம் வரும்.

மலைப்பாதையில் ஏறியதும் பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எதிரே வந்த கார் ஒன்று உரசிக்கொண்டு போனது. திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். அப்போதுதான் முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் லாரி இண்டிகேட்டர் போட்டது. எதிரே வண்டி வந்தால் இரண்டு முறை பிரேக் விளக்கு மினுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது, அதெல்லாம் தனக்காகத்தான் என்று.

உச்சியில் லாரிக்காரர் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

"அந்த ஒத்த லைட்டு நீங்கதானா? இந்த மழையில எங்கய்யா கிளம்பிட்டீங்க?"

"வேலைக்குப் பேர் குடுக்கணும். நாலு மணிக்குள்ள."

"அப்ப பின்னாடியே வாங்க. நான் பள்ளத்துல விழுந்தா மட்டும் வந்துறாதீங்க."

அடிவாரத்தில் லாரி வேறு சாலைக்குத் திரும்பியது. பாலீஷ்காரர் ஹாரனை நீளமாக அடித்தார். நன்றி சொல்ல வேறு வழி தெரியவில்லை.

மதியம் ஒரு மணிக்கு வண்டி இருமியது, நின்றது. பிளக்கில் தண்ணீர் இறங்கிவிட்டது. அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்குள் நிறுத்தினார். பல் கிட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. கடைக்கார அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேட்காமலே டீயைக் கையில் கொடுத்தாள். அவர் பிளக்கைக் கழற்றியதும் வாங்கி, துணியில் துடைத்து, அடுப்பின் ஓரத்தில் வைத்தாள். சாக்ஸையும் கேட்டாள்.

"வேணாம்மா, நாறும்."

"எங்க வீட்டுக்காரர் சாக்ஸை விடவா? குடுங்க. அப்படி என்ன தலை போற வேலை?"

சொன்னார். அவள் கேட்டுவிட்டு உள்ளே போய் மஞ்சள் நிற ரப்பர் கையுறை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். பாத்திரம் கழுவுகிற கையுறை.

"மாட்டிக்கிட்டுப் போங்க. பாத்திரம் ஒரு நாளைக்குப் பொறுத்துக்கும்."

அவர் அதை எடுத்து மாட்டிப் பார்த்தார். கண் நிறைந்தது. முன்பின் தெரியாத இந்த ஜனங்கள் எல்லாம் சேர்ந்து தன்னைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்று தோன்றியது. பிளக் காய்ந்தது. இரண்டாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது.

தலைமை அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது மணி மூன்று முப்பத்தைந்து. போன உயிர் திரும்பி வந்தது. காவலாளி அவருடைய மஞ்சள் கையையும் பிளாஸ்டிக் காலையும் பார்த்து வழிமறித்தார். விஷயத்தைக் கேட்டதும், "அந்தக் கடைசி மேசைக்குப் போங்க, சீக்கிரம்," என்று விட்டுவிட்டார். காலில் இருந்த பைகளைக் கழற்றிவிட்டுப் போக அவருக்கு நேரமில்லை.

கடைசி மேசையில் இருந்த பெண் கிளம்பத் தயாராகப் பையை எடுத்து வைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் மறுபடி கணினியைப் போட்டாள். அவர் கையுறையைக் கழற்றி நீட்டிய பழைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"இருக்கு அண்ணா, உங்க பேர் இருக்கு. இருபத்திரண்டு வருஷம், பாலீஷ் ஷெட். ரேகை மட்டும் ஒத்துப்போகணும். கட்டைவிரலை வைங்க."

வைத்தார். இயந்திரம் சிவப்பாக மினுங்கியது. இடது கட்டைவிரல். சிவப்பு. அவள் தன் துப்பட்டாவால் அவர் விரலைத் துடைத்தாள். குடித்து மீதியிருந்த டீ டம்ளரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். சூடேறிய பிறகு மறுபடி வைத்தார். சிவப்பு.

"தினமும் எப்படி அண்ணா அட்டெண்டன்ஸ் வெச்சீங்க?"

"எங்க ஷெட்டுக்கு மட்டும் சூப்பர்வைசர் நோட்டுல எழுதிடுவாரு தங்கச்சி. மிஷின் எங்க ஆளுங்க யாரையும் எடுக்காது. கல்லும் தண்ணியும் சேர்ந்து தேச்சுடும்ல. மூடினப்புறம் சிமெண்ட் கலக்கப் போனேன். அது மிச்சத்தையும் தின்னுடுச்சு."

அவள் அவருடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகள் கழுவிய தட்டு மாதிரி வழவழவென்றிருந்தன.

"அந்த நோட்டு?"

"ஷெட்டுக்குள்ளதான் இருக்கும். பூட்டியிருக்கே."

மணி மூன்று ஐம்பது. அவள் மேலதிகாரிக்குப் போன் செய்தாள். "ரேகை இல்லாம பழைய கணக்குல ஏத்தக் கூடாதாம்," என்று அவரிடம் சொல்லிப் போனை வைத்தாள். பிறகு அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். ஒன்பதும் சிவப்பு. இடது கைச் சுண்டுவிரல் பிறவியிலேயே கொஞ்சம் வளைந்தது. கல்லைத் தொடாமல் எப்போதும் தூக்கிக்கொண்டே நிற்கும். அதை வைத்தபோது பச்சை விளக்கு எரிந்தது.

"ஏறிடுச்சா?" என்றார்.

"ரேகை எடுத்துக்குச்சு. ஆனா பழைய ரெக்கார்டுல நீங்க சேர்ந்தப்ப வெச்ச கட்டைவிரல்தான் இருக்கு, சுண்டுவிரல் இல்ல. அதனால..." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "புது ஆளாத்தான் ஏத்த முடியும் அண்ணா. ஆறு மாசம் பயிற்சி. அப்புறம் வேணும்னா வெச்சுப்பாங்க. இதையும் விட்டா பேரே இருக்காது. ஏத்தட்டுமா?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏத்துங்க."

மஞ்சள் நாடா கட்டிய அட்டை அச்சாகி வந்தது. ஈரத்தலையோடு அங்கேயே எடுத்த அவருடைய புகைப்படம். அதன் கீழே, பயிற்சியாளர். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"கிளம்புற நேரத்துல எனக்காக உக்காந்தீங்களே தங்கச்சி. நீங்க நல்லா இருக்கணும்," என்றார். மனசாரத்தான் சொன்னார். மனைவிக்குப் போன் போட்டு, "பேர் ஏறிடுச்சு," என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. பக்கத்தில் மச்சான், "வண்டி எப்படி இருக்கு மாமா?" என்று கத்தினான்.

திரும்பிப் பார்த்தால், வாசலிலிருந்து மேசைவரை தரையெல்லாம் சேற்றுத் தண்ணீர். இதற்கு அந்தப் பெண்ணுக்கோ காவலாளிக்கோ திட்டு விழக்கூடாது. காவலாளியிடம் துடைக்கிற துணியை வாங்கிக்கொண்டு, அவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, முழங்காலிட்டுத் துடைக்க ஆரம்பித்தார். குனியும்போதெல்லாம் மஞ்சள் நாடா அட்டை முன்னால் விழுந்து தரையைத் தொட்டது.

மூன்றாவது கல்லில் அவர் கை நின்றது. கறுப்புக் கல், நடுவே பால் சிந்திய மாதிரி ஒரு வெள்ளை ஓட்டம். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது எங்க ஷெட்டுல போட்ட பாலீஷ்," என்றார் காவலாளியிடம். "எட்டுப் பேர், மூணு மாசம்."

"அப்படியா? முகம் பாத்துத் தலை வாரலாம்ங்க," என்றார் காவலாளி. "அந்த மூலையில கொஞ்சம் சேறு இருக்கு, பாருங்க."

அதையும் துடைத்தார். பின்னால் நகர்ந்து நகர்ந்து, தன்னுடைய காலடிகளைக் கடைசிவரை துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். துணியைப் பிழிந்து கொடுத்துவிட்டு வெளிப்படியில் நின்று கண்ணாடி வழியாக ஒரு முறை பார்த்தார். மேலே எரிந்த விளக்குகள் ஒவ்வொன்றும் தரையில் தெரிந்தன. அங்கே யாரும் வந்துபோன அடையாளம் இல்லை.