முத்துத்துறையை ஓட்டி வந்தவள்

கரிசல்புதூரில் கார்கள் நகர்வதில்லை. ஊர்தான் நகரும்.

டிரைவர் இருந்த இடத்திலேயே இருப்பார். கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் சக்கரத்துக்கு அடியில் ரோடு ஓட ஆரம்பிக்கும். ரோட்டோடு சேர்ந்து டீக்கடை, ரேஷன் கடை, பஞ்சாயத்து ஆபீஸ் எல்லாம் பின்னால் போகும்; முன்னாலிருந்து அடுத்த ஊர் வரும். வேண்டிய ஊர் வந்ததும் பிரேக் போட்டு இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். பஸ்ஸும் அப்படித்தான். ஆனால் பஸ்காரர் தன் ரூட்டில் உள்ள ஊர்களை மட்டும்தான் கொண்டுவருவார். ரூட்டில் இல்லாத ஊருக்கு ஆசைப்பட்டால் சொந்தமாக ஒரு காரும், அதை ஓட்டத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும்.

இதில் ஒரே ஒரு தொந்தரவு. கிளட்சை வெடுக்கென்று விட்டால் கார் குலுங்காது, ஊர் குலுங்கும். அதனால் யாராவது புதிதாகக் கார் பழகினால் பஞ்சாயத்து ஆபீஸ் ஒலிபெருக்கியில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

"நாளைக் காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை, தீப்பெட்டி ஆபீஸ் தவசிமுத்து சம்சாரம் செண்பகவல்லி அவர்கள் கார் பழக இருப்பதால், பொதுமக்கள் பால் காய்ச்சுவது, முகச்சவரம் செய்வது, ஊசியில் நூல் கோப்பது ஆகியவற்றைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

செண்பகவல்லிக்கு வயது நாற்பத்தொன்று. அவள் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னது அதுதான் முதல் தடவை. கையில் தேங்காய்த் துருவலோடு வாசலுக்கு ஓடிவந்து, இரண்டாம் முறை சொல்லும்போதும் முழுசாகக் கேட்டாள். உடம்பெல்லாம் அவளுக்குச் சிலிர்த்துப் போயிற்று.

எல்லாம் தங்கை மரகதத்துக்காகத்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனில் உட்கார்ந்து கரிசல்புதூரை இழுத்து நிறுத்தினார்கள், தாலி கட்டினார்கள், மரகதத்தை ஏற்றிக்கொண்டு முத்துத்துறையை வரவழைத்து இறங்கிக்கொண்டார்கள். முத்துத்துறை கடலோரம். பஸ் ரூட் கிடையாது. அதற்கப்புறம் அக்காளும் தங்கையும் போனில் பேசிக்கொண்டதோடு சரி. இப்போது, வேண்டாத கோயில் இல்லை என்று வேண்டி, மரகதத்துக்கு ஒன்பதாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அம்மா இல்லாத வீடு. முதல் வளையலை, வேப்பங்கொழுந்தை வளைத்துச் செய்த அந்த வளையலை, அக்காள்தான் போட வேண்டும்.

"நீ போடாம வேற யாரும் என் கையைத் தொடக் கூடாதுக்கா," என்று மரகதம் போனில் சொல்லிவிட்டாள். "வளையலே வேண்டாம்னு வெறுங்கையோட எந்திரிச்சிருவேன்."

சொன்னால் செய்வாள். சின்ன வயசில் புதுப் பாவாடை வாங்கித் தரவில்லை என்று மூன்று நாள் பாயைவிட்டு எழுந்திருக்காதவள் அவள்.

செண்பகவல்லி புருஷனிடம் கேட்டாள். தவசிமுத்து கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் கிளட்ச் விஷயத்தில் அவன் காலில் நிதானம் கிடையாது.

"ஒம்பது மாசக்காரி இருக்கிற ஊரை நூத்தி இருபது கிலோமீட்டர் இழுக்கவா சொல்ற?" என்றான். "நடுவுல ஒரு குலுக்கு குலுங்கிருச்சுன்னா அந்தப் பாவம் யாருக்கு? என்னால ஆகாது."

ஊரில் கார் வைத்திருந்த மற்ற மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள். சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் செண்பகவல்லிக்கு ஆத்திரமாக வந்தது.

"அப்போ நானே இழுத்துக்கிறேன்," என்றாள்.

"குக்கர் விசில் அடிச்சாலே நீ அடுத்த வீட்டுல போய் நிப்ப."

"நின்னா நின்னுட்டுப் போறேன். சாவியக் குடுங்க."

டிரைவிங் ஸ்கூலில் ரெஜினா என்ற பெண் சொல்லிக்கொடுத்தாள். இருபத்து மூன்று வயசு, குச்சி மாதிரி உடம்பு, குரல் மட்டும் பித்தளைக் குடம். "இது கிளட்ச், இது பிரேக்கு, இது ஆக்ஸிலேட்டரு. மூணு பெடலு, ரெண்டு காலு. ஆண்டவர் அப்படித்தான் வச்சிருக்காரு, சமாளிச்சுக்கணும்க்கா," என்றாள்.

செண்பகவல்லி கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டாள். விட்டாள். ஊர் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. தபால்காரர் சைக்கிளோடு ஒரு வீடு தள்ளிப் போய் விழுந்து, வந்ததுதான் வந்தோம் என்று அந்த வீட்டுக்கே கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். தீப்பெட்டி ஆபீஸில் நாற்பது பெண்கள் சட்டத்தில் அடுக்கி வைத்திருந்த குச்சிகள் மொத்தமும் எழும்பி, உட்காரும்போது பெண்களின் கொண்டையில் உட்கார்ந்தன. தவசிமுத்து வாசலில் வந்து நின்று பார்த்தான். தலையிலிருந்து இரண்டு குச்சியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

கரிசல்புதூரில் மார்க் போடுகிற முறை இதுதான்: கார் பழகுகிற நாளில் வீட்டுக்கு வீடு வாசற்படியில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பார்கள். பாடம் முடிந்ததும் ரெஜினா தெருவோடு நடந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து வருவாள். முதல் நாள் ஒரு டம்ளரிலும் தண்ணீர் இல்லை. சில வீடுகளில் டம்ளரும் இல்லை.

"பரவால்லக்கா, வீடு இருக்கு," என்றாள் ரெஜினா.

மூன்றாம் நாள் அரை டம்ளர் மிஞ்சியது. நான்காம் நாள் மறுபடி மோசம். எதிர் வீட்டு மதினி, "செம்பகம், எங்க வீட்டுச் சாமி படம் எல்லாம் செவுத்தப் பார்த்துத் திரும்பிருச்சு. நாளைக்கும் ஓட்டுனா பழையபடி நேரா வந்துருமா?" என்று கேட்டாள். கேலி பண்ணுகிறாளா நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியவில்லை. செண்பகவல்லி அன்று சோறு இறங்காமல் கிடந்தாள். கட்டிலில் உட்கார்ந்து இடது காலைத் தூக்குவதும் மெல்ல இறக்குவதுமாக இருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு நான்கே நாள் இருந்தது.

ஆறாம் நாள்தான் அது நடந்தது. "கண்ணால பார்க்காதீங்க. பாதத்துல கேளுங்க," என்றாள் ரெஜினா. செண்பகவல்லி கிளட்சை நூல் நூலாக விட்டாள். ஓர் இடத்தில் தெரு சிலிர்த்தது. ஈ உட்கார்ந்தால் மாட்டின் தோல் சிலிர்க்குமே, அப்படி. காலை அங்கேயே வைத்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பிறகு மிச்சத்தையும் விட்டாள்.

ஊர் வந்தது! சத்தமே இல்லாமல் வந்தது. டீக்கடை வந்தது, டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றிக்கொண்டே வந்தார், ஒரு சொட்டு கீழே விழவில்லை. தபால்காரர் சரியான வீட்டில் சரியான கடிதத்தைக் கொடுத்தார். "ஆத்தாடி!" என்று செண்பகவல்லி கத்திய கத்தலில் அவளுக்கே காது அடைத்தது. சந்தோஷம் தாங்காமல் ஹார்னைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தாள். அன்று டம்ளர்களில் தண்ணீர் தளும்பத் தளும்ப இருந்தது. ரெஜினா ஒரு டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊர் வளைவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்தி, சூடம் காட்டினார்கள். மடியில் வேப்பங்கொழுந்து வளையல் இருந்த சம்படத்தோடு செண்பகவல்லி உட்கார்ந்தாள். பக்கத்தில் ரெஜினா. வழியில் உள்ள ஊர்களுக்கெல்லாம் போன் போட்டு, பாலை இறக்கி வைக்கச் சொல்லியாயிற்று. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கிறது. அதற்குள் வளையல் ஏற வேண்டும்.

"பார்த்து," என்றான் தவசிமுத்து. பிறகு அவனும் டீக்கடையும் தீப்பெட்டி ஆபீஸும் சீராகப் பின்னால் போனார்கள். கண்ணாடியில் அவன் சின்னதாகிக்கொண்டே கையாட்டினான்.

இரண்டாவது கியர். மூன்றாவது கியர். ஊர்கள் வரத் தொடங்கின. ஒரு பள்ளிக்கூடம் வந்தது. பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே வந்து சொல்லிக்கொண்டே போனார்கள். ஒரு கண்மாய் வந்தது. நான்காவது கியரை ரெஜினா சொல்வதற்கு முன்பே போட்டுவிட்டாள். நாற்பத்தொரு வருஷமாக எவனோ கொண்டுவந்த ஊரில் இறங்கியவளுக்கு, இப்போது நாடே சேலைத் தலைப்பு மாதிரி கைக்குள் வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பாட வேண்டும் போலிருந்தது. பாட்டு வரி எதுவும் வாயில் வராததால், வருகிற ஊர்ப் பெயர்களை உரக்கப் படித்தாள்.

அந்தக் குஷியில்தான் ரோடு இரண்டாகப் பிரிகிற உப்பள விலக்கில் இடது பக்கம் ஒடிக்க வேண்டியதை வலது பக்கம் ஒடித்துவிட்டாள்.

வந்தது மேலப்பனங்காடு. வாழைமரம் கட்டிய கல்யாண வீடு ஒன்று நேராகக் காரின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. யாரோ பன்னீர் தெளித்தார்கள். யாரோ சந்தனக் கும்பாவை ஜன்னலுக்குள் நீட்டினார்கள். பெண்ணின் அப்பா கதவைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா வந்துட்டோம்ணே. முத்துத்துறைக்குப் போகணும். திருப்பி அனுப்பிருறேன்," என்றாள் செண்பகவல்லி.

"கல்யாண வீட்டை இம்புட்டுத் தூரம் வரவழைச்சிட்டுச் சாப்பிடாம அனுப்புனா எப்படிம்மா? நல்ல காரியத்துக்கு ஆகுமா?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மணி ஒன்பது இருபது. பந்தி அப்போதுதான் தொடங்கியிருந்தது; ஒரு பந்தி முடிய முக்கால் மணி நேரம் ஆகும். ரெஜினா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் உக்காந்து சாப்பிடுறேன்க்கா. நீங்க ரிவர்ஸ் எடுங்க."

"ரிவர்ஸ் நீ சொல்லியே குடுக்கலயே! அடுத்த வாரம்னு சொன்ன!"

"கம்பிய கீழ அமுக்கி, இடது ஓரமாத் தள்ளி, முன்னால போடுங்க. அவ்வளவுதான். பாயசம் ஊத்துறாங்க, நான் போறேன்."

செண்பகவல்லி கம்பியைப் பிடித்தாள். முத்துமாரி, காப்பாற்று என்று அமுக்கித் தள்ளிப் போட்டாள். கிளட்சை நூல் நூலாக விட்டாள். கல்யாண வீடு சிலிர்த்து, மெதுவாக விலக ஆரம்பித்தது. விலகியது நேராக விலகவில்லை. ஸ்டியரிங்கை அவள் இப்படித் திருப்பினால் கல்யாண வீடு அப்படிப் போனது. பந்தலில் சாம்பார் வாளி வைத்திருந்தவர்கள் அதற்குத் தகுந்தபடி சாய்ந்து சாய்ந்து பரிமாறினார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ரெஜினா வாய் நிறையச் சோற்றோடு, "ரொம்ப ஒடிக்காதீங்கக்கா! கண்ணாடியப் பாருங்க!" என்று கத்திக்கொண்டே போனாள். அவள் உருவம் மறைந்த பிறகும் குரல் கொஞ்ச தூரம் வந்தது. கடைசியில் பின்பக்கமிருந்து உப்பள விலக்கு வந்து, காருக்கு அடியில் நுழைந்து, முன்னால் வந்து சேர்ந்தது.

இப்போது காரில் அவள் ஒருத்திதான். பயமாக இருந்தது. பயந்துகொண்டே முதல் கியரைப் போட்டாள். பயந்துகொண்டேதான் இரண்டும் மூன்றும் போட்டாள். நான்காவது போடும்போது பயப்பட நேரமில்லை.

பத்தேகாலுக்கு முத்துத்துறை என்று எழுதிய மஞ்சள் பலகை வந்தது. அதன் பின்னால் ஒரே ஒரு நீளத் தெரு. தெருக்கோடியில் பந்தல். பந்தலுக்குக் கீழே நாற்காலியில், மாலையும் கழுத்துமாக, மரகதம். பதினோரு வருஷம் கழித்துப் பார்க்கிறாள். வயிறு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று போனில் தெரியவில்லை.

செண்பகவல்லி மூன்றுக்கு இறக்கினாள். இரண்டுக்கு. ஒன்றுக்கு. தெருவில் இருந்தவர்கள் கையில் கிடைத்த தூணை, ஜன்னலை, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். அவள் பாதத்தை உயர்த்தினாள், தாழ்த்தினாள். தெரு சிலிர்த்தது. ஒரு வீடு வந்தது. அதற்கடுத்த வீடு வந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. "வா சாமி, வா தங்கம், மெல்ல வா," என்று அந்த ஊரைப் பார்த்துக் கெஞ்சினாள். கோலம் வந்தது, குத்துவிளக்கு வந்தது. மரகதத்தின் நாற்காலி டிரைவர் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. குத்துவிளக்கின் சுடர் ஆடவில்லை.

மரகதம் கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா இழுக்க ஆரம்பிச்சதும் சொல்லுங்க," என்றாள் பக்கத்தில் இருந்தவர்களிடம். "நான் பல்லக் கடிச்சுக்கிறேன்."

"வந்தாச்சுடி," என்றாள் செண்பகவல்லி.

மரகதம் கண்ணைத் திறந்தாள். இரண்டு பேருக்கும் அழுகை பீறிட்டது. செண்பகவல்லி பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே சம்படத்தைத் திறந்து, ஜன்னல் வழியாகத் தங்கையின் கையைப் பிடித்து, வேப்பங்கொழுந்து வளையலை ஏற்றினாள். மணி பத்து இருபத்து நான்கு. பெண்கள் குலவை போட்டார்கள்.

குலவை ஓய்ந்தபோது பந்தலுக்குப் பின்னாலிருந்து ஹார்ன் சத்தம் கேட்டது. பொறுமையாக, இரண்டு தடவை. செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். ஊருக்குப் பின்னாலேயே வந்த கடல், தெருவை அடைத்துப் பந்தல் நிற்பதால் போக வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே வலது கையை நீட்டி, போகலாம் என்று வீசிக் காட்டினாள். கடல் இண்டிகேட்டர் போட்டு, விசேஷத்துக்கு வந்தவர்களின் பட்டுச்சேலை நனையாமல் ஓரம் ஒதுங்கி, கரிசல்புதூர் இருக்கும் திசையில் முந்திக்கொண்டு போனது.