வியாழக்கிழமை ஸ்பேனர்

வெள்ளிக்கிழமை காலை, ஆயர் ஈத்தாம் மசாலா மில்லின் மாடி அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். மேசையின் தலைமாட்டில் முதலாளி சீனி முகம்மது. அவருக்கு இடப்பக்கம் மிளகாய் அரைக்கும் நூர்ஜான், முந்தின நாள் கட்டுப் போட்ட விரலோடு. அவளுக்கு அடுத்து லோரி ஓட்டும் வாசு. வலப்பக்கம், பத்தொன்பது வருடமாகக் கணக்கெழுதும் கிராணி சூசை உட்கார்ந்த நாற்காலியில், வேலைக்கு வந்து ஏழே மாதமான நூர் ஃபாத்திஹா. சூசைக்குக் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது.

சட்டப்படி மில்லுக்கு ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். அந்தப் பதவி தனக்குத்தான் என்று சூசை நம்பியிருந்தார். யார் கை வெட்டுப்பட்டாலும், யார் வழுக்கி விழுந்தாலும் பச்சை அட்டை நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தவர் அவர். பாலிக் புலாவ் பள்ளிக்கூடத்தில் பழகிய குண்டெழுத்து. ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. ஒவ்வொரு பதிவும் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று முடியும்.

அந்த நோட்டு இப்போது ஃபாத்திஹாவின் கையில் இருந்தது.

“இவ்வளவு ஒழுங்கா வேற யாரும் எழுதி வச்சிருக்க மாட்டாங்க முதலாளி,” என்றாள். பாராட்டுதான். சூசைக்கு மிளகாய்த் தூள் மூக்கில் ஏறினது போலிருந்தது. “பதினோரு விரல் காயம். பதினொண்ணும் ரெண்டாம் நம்பர் மெஷின். அத்தனை தடவையும் மூடி போடாமலே ஓட்டியிருக்காங்க.”

“கவனக்குறைவுன்னு எழுதினாரே சூசண்ணே!” என்றாள் நூர்ஜான். “கண்ணை மூடிக்கிட்டா மிளகா போட்டேன் நானு?”

“எனக்கும் அந்த நோட்டுல ரெண்டு கவனக்குறைவு இருக்கு லா,” என்றான் வாசு. “மூணாவதுக்கு ஒரு ஹேம்பர் பரிசாக் குடுங்கண்ணே.”

எல்லாரும் சிரித்தார்கள். ஃபாத்திஹா மட்டும் சிரிக்கவில்லை. அதுவும் சூசைக்குப் பிடிக்கவில்லை.

“ஃபாத்திஹாவே இந்தப் பதவியைப் பார்த்துக்கட்டும்,” என்றார் முதலாளி. “சூசை, அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதிடுங்க. உங்க எழுத்துன்னாத்தான் கையெழுத்துப் போடுவாங்க.”

கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கும் முதலாளியின் அக்கா சித்தி ஹாஜரா, மில்லில் பாதிப் பங்குக்காரர். கைப்பேசியில் வருவது எதையும் நம்பமாட்டார், தாளில் வரவேண்டும். அதற்காகவே வியாழன்தோறும் காலையில் வாரக் கடிதத்தோடு சூசை ஃபெரி ஏறுவார், மதியம் திரும்புவார்.

கீழே ஸ்டோரில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். ‘நல்ல பெண்தான், ஆனாலும்’ என்று ஒரு வரி விழுந்தது. அந்த ‘ஆனாலும்’ அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதற்குப் பின்னால் வயதைச் சேர்த்தார். அவசரப் புத்தியைச் சேர்த்தார். கடிதம் ருசியாக வந்துகொண்டிருந்தபோது ஃபாத்திஹா வந்து நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“உள்ள ஒரு தாள் இருக்குண்ணே. பார்த்துட்டுக் கிழிச்சிடுங்க.”

பிரித்தார். பதினோரு தேதி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் கிழமை. வியாழன், வியாழன், வியாழன்.

புதன் மாலை ரெண்டாம் நம்பரைக் கழுவிக் காயவைப்பது வழக்கம். மூடியைக் கழற்றிய ஸ்பேனர் அன்றே எண்ணப்பட்டு சூசையின் பெட்டிக்குத் திரும்பிவிடும். முன்பு இரண்டு ஸ்பேனர் காணாமல் போனதால் அவர் வைத்த ஒழுங்கு அது. மறுநாள் காலை மூடியை முடுக்க ஸ்பேனர் வேண்டும். பெட்டிச் சாவி அவர் சட்டைப் பையில், ஃபெரியில் போய்க்கொண்டிருக்கும்.

சூசை நிமிர்ந்தார். “இதை ஏன் மேல சொல்லல?”

“எல்லார் முன்னாலயும் எதுக்குண்ணே? ஸ்பேனரை மெஷின் பக்கத்துலயே சங்கிலி போட்டுத் தொங்க விட்டாப் போதும் லா. யாருக்கும் தெரிய வேணாம்.”

அவள் போய்விட்டாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். நாற்காலி அவளுக்கு, பதவி அவளுக்கு, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கேவா? இனி அவள் ‘அண்ணே’ என்று கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பதினோரு வியாழனும் கூடவே வந்து நிற்கும். தகரத் தடுப்புக்கு அப்பால் நூர்ஜான் யாரிடமோ, ஒரு கையால் சோறு வடிக்கும் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சூசை முதல் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தார். ஃபாத்திஹா கொடுத்த தாளைக் கிழிக்கவில்லை. புதுத் தாள் எடுத்தார்.

‘பதினோரு காயத்துக்கும் நான் எழுதிய காரணம் தவறு. வியாழக்கிழமைகளில் ஸ்பேனர் என் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. இதை நானே கண்டுபிடித்தேன்.’

பேனா நின்றது. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ‘நானே கண்டுபிடித்தேன்’ என்பதை அடித்து, மேலே ‘நூர் ஃபாத்திஹா கண்டுபிடித்தார்’ என்று எழுதினார். ‘பதவி அவருக்கே உரியது’ என்று முடித்தார். வேறு தாளில் பிரதி எடுக்கலாம். எடுக்க உட்கார்ந்தால் மனம் மாறிவிடும் என்று பயந்தார். அவள் தாளையும் கூடவே மடித்து உறையில் வைத்தார். சூசையின் பிழையைத் தான் ஒளித்து அவரைக் காப்பாற்றியதாக அவள் நினைத்துக்கொள்ளும் அந்தச் சந்தோஷமாவது அவளுக்குக் கிடைக்காமல் போகட்டும்.

உறையை ஒட்டி, மில் முத்திரையை அழுத்திக் குத்தி, வாசலில் உறுமிக்கொண்டிருந்த லோரிக்குக் கொண்டுபோனார்.

“வியாழக்கிழமை நீங்களே எடுத்துட்டுப் போவீங்களேண்ணே?” என்றான் வாசு.

“வியாழக்கிழமை காலையில இனிமே நான் இங்கதான் இருப்பேன். நீ கொண்டு போய் பட்டர்வொர்த் அக்கா கையிலயே குடு.”

வாசு உறையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு லோரியை ரோட்டில் இறக்கினான்.