நாலாவது தோட்டா

மூன்று தோட்டாக்கள் ஒழுங்காகப் போயின. நாலாவது, குழலுக்குள் ஏறும் வழியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஷ்யாமளா விசையிலிருந்து விரலை எடுத்தாள். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் இருக்கும் வீட்டிலிருந்து அரைமணி நேரம் மேற்கே ஓட்டி வந்து, சனிக்கிழமை வெயிலில் பதிமூன்று போட்டியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மறுபடியும் இப்படி. டைமர் பிடித்திருந்த துப்பாக்கி கிளப் நடுவர் ராய் நேரத்தை நிறுத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. ஓடிக்கொண்டிருந்த மெஷின் ஏன் நின்றது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அந்த வேலையே. பதினெட்டு வருஷமாகச் செய்கிறாள். அப்படிப்பட்டவளைக் கைக்குள் அடங்குகிற ஒரு சாமான் மூன்று மாதமாக முட்டாளாக்கிக்கொண்டிருந்தது.

ஆபீஸ் தோழி ஒருத்தி கூட்டிப்போய்ப் பழக்கிய விளையாட்டு இது. கிளப்பில் பழைய வடிவத் துப்பாக்கிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் பட்டாளத்துக்காரர்கள் இடுப்பில் செருகியிருந்தது எப்படி இருந்ததோ, வெளியே பார்க்க அப்படியே இருக்க வேண்டும். உள்ளே என்ன மாற்றினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஷ்யாமளாவுக்கு அந்த வடிவத்தின்மேல் ஆசை. சமீபத்தில் செய்த, ஆனால் பழைய அச்சில் வார்த்த ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினாள். பழைய சொந்தக்காரர் கைப்பிடியில் கறுப்பு ரப்பர் போட்டு அசிங்கப்படுத்தி வைத்திருந்தார். அவள் கணவன் பத்மநாபன் பல் டாக்டர், துப்பாக்கி என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற ஆள். அவனே தேடிப் பிடித்து, வால்நட் மரத்தில் கடைந்த இரண்டு பக்கப் பலகைகளை அவள் பிறந்தநாளுக்கு வரவழைத்துக் கொடுத்தான். ஒரு தோட்டாகூடச் சுடுவதற்கு முன்பே அதை மாட்டிவிட்டாள். அவ்வளவு அழகாக இருந்தது.

அன்றிலிருந்து இந்தத் தொல்லை. முதலில், தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகுகிற மேகசினை மாற்றினாள். இரண்டு வாரம் பரவாயில்லை, பிறகு பழைய கதை. மேகசினுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை இன்னும் அழுத்தமானதாகப் போட்டாள். சுட்டதும் பின்னால் போகிற மேல்பாகத்தைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும் பெரிய ஸ்பிரிங், காலித் தோட்டாவை இழுத்து வெளியே போடும் கொக்கி, எல்லாம் புதுசு. ஒவ்வொன்றையும் தேதி போட்டு எக்செல்லில் எழுதினாள். ஒவ்வொரு முறையும் கழற்றித் துடைத்து, எந்த ஸ்க்ரூவும் லூசாக இருக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். துப்பாக்கி ரிப்பேர் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, இதை ஷோகேஸில் வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் உடம்பு புது மாடல் வாங்கிக்கொள், அது சிக்கவே சிக்காது என்றார். அவருக்கு அவள் தேங்க்ஸ்கூடச் சொல்லவில்லை.

போட்டிக்கு மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு மேசையிலேயே எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பினாள்.

"ஏங்க, இதை வித்துரலாம்னு இருக்கேன்."

"வித்துரு. மூணு மாசமா நீயும் நிம்மதியா இல்ல, வீட்ல மத்தவங்களும் நிம்மதியா இல்ல."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்திருந்தாள். சுள்ளென்று வந்தது. துணியை எடுத்து ஸ்பிரிங்கைத் துடைத்தாள். பத்மநாபன் காலி மேகசினைக் காட்டிக் கேட்டான்.

"இதைத் தொடலாமா?"

"வெறும் டப்பாதாங்க. உள்ள ஒண்ணும் இல்ல."

அவன் அதை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். "இங்க தேஞ்சிருக்கே."

"உள்ள போய் வர்றப்போ தேயாதா?"

"நெடுக தேஞ்சா சரி. இது பொட்டு மாதிரி ஒரே எடத்துல. அந்தப் பக்கமும் அதே எடம். ஒரு பல்லு மட்டும் உசரமா இருந்தா எதிர்ப்பல்லு இப்படித்தான் தேயும், ஷ்யாமா."

எழுந்து போய் கிளினிக் பையிலிருந்து நீலத் தாள் ஒன்றை எடுத்து வந்தான். புதுப்பல் வைத்த பேஷன்ட்டைக் கடிக்கச் சொல்லி எங்கே இடிக்கிறது என்று பார்க்கிற தாள். அதன் மையை மேகசினின் இரண்டு பக்கமும் தேய்த்துக் கொடுத்தான். பலகை கழற்றாமல் வைத்திருந்த கைப்பிடிக்குள் ஷ்யாமளா அதைச் செருகி உருவினாள். நீலத்தின் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக, மை அழிந்த கோடு. அது போய் நின்ற இடத்தில் அந்தப் பொட்டு.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். பழைய ரப்பரைவிட மெல்லிசான மரப்பலகையைப் பிடித்திருந்த ஸ்க்ரூவின் முனை இரண்டு பக்கமும் கடுகளவு துருத்திக்கொண்டு நின்றது. இரண்டு முனைகளும் நடுவில் மேகசினை நசுக்கிப் பிடிக்க, தோட்டா மேலே எழும்ப முடியாமல் திணறியிருக்கிறது. அவள் முறுக்க முறுக்க இன்னும் ஆழமாக இறங்கியிருக்கிறது.

"அப்போ நான் வாங்கிக் குடுத்ததாலயா?" என்றான் பத்மநாபன்.

"அப்படி இல்லைங்க." மறுபடி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்றாள்.

அவளுக்குக் கோபம் அவன்மேல் இல்லை. வேலையில் யார் மெஷின் நின்றுவிட்டது என்று வந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்பதுதான். எக்செல்லைத் திறந்து பார்த்தாள். நாற்பத்தோரு வரிசை. அதில் மரப்பலகை இல்லவே இல்லை. அது அழகுக்குத்தானே என்று எழுதாமல் விட்டிருந்தாள். நன்றாக இருந்த ஸ்பிரிங்கையெல்லாம் தூக்கிக் குப்பையில் போட்டதை நினைத்ததும் லேப்டாப்பைப் படீரென்று மூடினாள்.

கராஜில் அரம் இருந்தது. ஸ்க்ரூக்களின் முனையை அரை மில்லிமீட்டர் ராவினாள். அடுத்த சனிக்கிழமை இருநூறு தோட்டா சுட்டாள். ஒன்றுகூடச் சிக்கவில்லை. ராய் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதையுமே மாத்தலையே?" என்று இங்கிலீஷில் கேட்டார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் துப்பாக்கியை வாங்கிப் பையில் வைத்தாள்.

அடுத்த மாதப் போட்டி முடிந்து காரில் ஏறும்போது பத்மநாபனிடமிருந்து போன் வந்தது.

"என்னாச்சு? சிக்கிச்சா?"

"இல்லைங்க. கடைசி வரைக்கும் ஓடுச்சு."

"சூப்பர்! எத்தனாவது?"

"பதினொண்ணாவது. பதினாலு பேர்ல."

மெதுவாக, "வேற ஏதாவது உள்ள இடிக்குதோ?" என்றான்.

"எங்கயும் இடிக்கல. எனக்குக் குறி பார்க்கத் தெரியல, அவ்வளவுதான்."

போனைப் பக்கத்து சீட்டில் எறிந்துவிட்டு, ஏசியை முழுசாகத் திருப்பினாள். ஃப்ரீவேக்குப் போகாமல் காரை அணைத்து இறங்கி, மறுபடி கிளப் ஆபீஸ் அறைக்கு நடந்தாள். புதிதாகச் சேருபவர்களுக்கான செவ்வாய்க்கிழமைக் குறிபார்க்கும் பயிற்சி வகுப்பு என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் தன் பெயரை எழுதினாள். பேனா பாதியில் எழுதவில்லை. உதறி உதறி எழுதி முடித்தாள்.