காரணமில்லாமல் விழக் கூடாது

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று முதல் நம் படநிறுவனத்தின் நகைச்சுவைக் காட்சிகளில் யாரும் காரணமில்லாமல் கீழே விழக் கூடாது. விழுபவர் விழுமுன் இருந்த மனநிலையையும், விழுந்தபின் அடைந்த மாற்றத்தையும் இயக்குநரிடம் விளக்கி, ஒப்புதல் பெற்ற பிறகே விழ வேண்டும்.

இந்த அறிவிப்பு படப்பிடிப்புத் தளத்தின் வாசலில் ஒட்டப்பட்டதற்கு ஒரு வாளிதான் காரணம்.

சறுக்கு என்று சினிமாவில் எல்லோரும் கூப்பிடுகிற நகைச்சுவை நடிகருக்கு வெகுகாலம் கழித்து ஒரு காட்சி கிடைத்திருந்தது. அவர் கடைசியாகத் திரையில் தலைகாட்டியபோது தொட்டிலில் கிடந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். "எங்கப்பா நடிகர்" என்று வகுப்பில் சொன்னதற்கு, "எங்கப்பா ராக்கெட் விடறவரு" என்று பக்கத்துப் பையன் பதில் சொல்லியிருக்கிறான். படம் வந்ததும் அவளையும் அந்தப் பையனையும் தியேட்டருக்கே கூட்டிப்போவதாகச் சறுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

காட்சி இதுதான். வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறவர், வாசலில் தரை துடைக்க வைத்திருந்த வாளிக்குள் காலை விட்டுவிடுகிறார். கால் வரவில்லை. வாளியோடேயே உள்ளே போய், மேலாளர் முன் கௌரவமாக உட்கார்ந்து, கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். உதவிக்கு வந்து வாளியை இழுக்கிற ஆளாக நடித்தவர், நிஜத்தில் சறுக்கின் மனைவியுடைய தம்பி. இருவரும் ஒத்திகை பார்ப்பதே கிடையாது. "மச்சான் என்ன பண்ணப் போறான்னு முன்னாடியே தெரிஞ்சா நான் எப்படிங்க முழிக்கிறது?" என்பார் சறுக்கு. அன்றைக்கு மச்சான் வாளியை விட்டுவிட்டு மேலாளரின் நாற்காலியை இழுத்துவிட்டான். மேலாளராக நடித்தவர் வசனத்தை மறந்துபோய், "நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். கேமரா பிடித்தவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு முதலாளிக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அந்த நிறுவனத்தின் சின்னத் திரையரங்கில் ஒரு முறை உண்டு. முதலாளி நடு இருக்கையில் உட்காருவார். பின்னால் இருப்பவர்கள் திரையைப் பார்ப்பதில்லை. அவருடைய தோளைப் பார்ப்பார்கள். தோள் குலுங்கினால் முதலில் இயக்குநர் சிரிப்பார். அடுத்து எடிட்டர், அதற்கடுத்து மற்றவர்கள். கணக்கு எழுதுகிறவர் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும்.

அன்று தோள் குலுங்கவே இல்லை. கல்லாகச் சமைந்தது போல இருந்தது. வாளி ஓடியது, நாற்காலி விழுந்தது, பின்னால் எல்லோரும் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் முடிந்ததும் முதலாளி வயிற்றில் கைவைத்தபடி மெல்ல எழுந்து போய்விட்டார்.

இயக்குநர் உடனே கூட்டம் போட்டார்.

"சறுக்கு, அந்த ஆள் ஏன் வாளிக்குள்ள காலை விடறான்?"

"கால் மாட்டிக்கிச்சு சார்."

"அது நடந்தது. ஏன் நடந்ததுன்னு கேக்கறேன். வாளி அவனுக்கு யாரு?"

சறுக்கு மச்சானைப் பார்த்தார்.

"தூரத்துச் சொந்தமா இருக்கும் மாமா" என்றான் மச்சான்.

"இந்த விளையாட்டுப் புத்திதான் காமெடியைக் கெடுக்குது!" என்று இயக்குநர் மேசையைத் தட்டினார். அன்று சாயங்காலமே வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அடுத்த வாரம் காட்சியைத் திரும்ப எடுத்தார்கள். வாளி இப்போது நேர்காணலுக்கு வந்தவனின் செத்துப்போன அப்பாவுடையது. அவர் அதே அலுவலகத்தில் தரை துடைத்தவர். மகன் வாளியைப் பார்த்ததும் நின்று, குனிந்து, தொட்டு, பழசையெல்லாம் நினைத்து, அப்புறம் காலை விடுகிறான். மச்சானுக்கு ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விடுகிற வேலை.

"அப்பா, நீ அழுவறியா, சிரிக்கிறியா?" என்று வீட்டில் மகள் கேட்டாள், நடித்துக் காட்டியபோது.

"அது டைரக்டர் சாருக்குத்தாம்மா தெரியும்."

மறுபடியும் முதலாளிக்குப் போட்டார்கள். இந்தத் தடவை அவர் துள்ளலோடு வந்து உட்கார்ந்தார். காட்சி ஓடியது. பெருமூச்சும் முடிந்தது. முதலாளி திரும்பிப் பார்த்தார்.

"வாளி சீன் எப்பய்யா வரும்?"

"வந்துட்டுப் போயிடுச்சு சார்" என்றார் இயக்குநர்.

"அந்த எழவு வீடா? யோவ், போன தடவை பாத்ததைக் கேக்கறேன். வயித்துல ஆபரேஷன் பண்ணி தையல் போட்டிருந்தாங்க. சிரிச்சா பிரிஞ்சுடும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. ஆஸ்பத்திரி பில்லை நெனச்சு நெனச்சுப் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னைக்குத் தையல் பிரிச்சாச்சு. வாய்விட்டுச் சிரிக்கணும்னே வந்திருக்கேன்!"

உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் பணம் போட்டவர்களெல்லாம் நலம் விசாரிக்க வந்துவிடுவார்கள் என்பதால், ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வெளியூர் போயிருப்பதாக அவர் சொல்லி வைத்திருந்தாராம்.

எடிட்டர் பழையதை அழிக்காமல் வைத்திருந்தார். போட்டார். தோள் குலுங்கியது. இயக்குநர் சிரித்தார். எடிட்டர் சிரித்தார். அறையே வரிசைப்படி சிரித்தது. கணக்கு எழுதுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதான் இருக்கணும். ஒரு நொடி வெட்டினாலும் உன்னை வெட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டு முதலாளி காரை நோக்கி நடந்தார்.

"நானும் அதைத்தான் சார் சொல்லிட்டே இருந்தேன். விளையாட்டுதான் காமெடிக்கு உயிர்!" என்று இயக்குநர் பின்னாலேயே ஓடினார். திரும்பி வந்ததும் பழைய அறிவிப்பைக் கிழித்தார், புதியது ஒட்டப்பட்டது. நாளை முதல் அனைவரும் காலை எட்டு மணிக்கு விளையாட்டு உணர்வோடு ஆஜராக வேண்டும், தவறினால் சம்பளம் பிடிக்கப்படும்.

சறுக்குக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. மகளுக்கு என்ன சொல்வது என்ற கவலை போய்விட்ட சந்தோஷத்தில் வாசலுக்கு வந்தவர் மச்சானுக்கு வழிவிட்டார்.

"நீங்க போங்க மாப்ளே."

"சேச்சே, பெரியவங்க நீங்க போங்க மாமா."

இருவரும் ஒரே நேரத்தில் நுழைந்து, கதவுக்குள் மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் திணறி, ஒருவர் சட்டையை ஒருவர் பற்றிக்கொண்டு படிக்கட்டில் தடதடவென்று உருண்டார்கள். கீழே போய், விழுந்த நிலையிலேயே கைகுலுக்கிக்கொண்டார்கள். அவர்கள் வாழ்நாளில் இவ்வளவு அழகாக விழுந்ததில்லை. மொத்த நிறுவனமும் சுற்றி நின்று பார்த்தது.

யாரும் சிரிக்கவில்லை. முதலாளியின் கார் அதற்குள் போய்விட்டிருந்தது.